பத்தொன்பதாம் படி

படிவத்தில் பதினொரு கேள்விகள்.
வயது எழுபத்துமூன்று.
எடை நாற்பத்தாறு,
கணுக்காலில் தேங்கிய நீரையும் சேர்த்து.
இந்த வருஷம் எத்தனையாவது முறை?
மூன்று. நவம்பர் இன்னும் முடியவில்லை.
ரூடா ஷ்லோன்ஸ்காவில்
ஜன்னலைத் திறந்தால் அடுப்புக்கரிப் புகை
படுக்கைவரை வரும்.
அதனால் திறப்பதில்லை.

எவால்ட் கய்டா.
முப்பது வருஷம் நிலத்துக்கடியில் நிலக்கரி,
மேலே வந்தால் சிகரெட்.
இரண்டில் எது என்று பயிற்சி டாக்டர் கேட்டான்.
"இரண்டுமே நல்ல சிநேகிதர்கள்" என்றார்,
நான்கு தவணையில்.

இழுக்க முடிகிறது அவருக்கு.
விடத்தான் முடியவில்லை.
உள்ளே போன காற்று
வாடகை தராத குடித்தனக்காரனாய்
நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது.
கரியமிலவாயு அறுபத்தெட்டு.
ரத்தம் புளித்துப் போயிற்று.
இரவு இரண்டு மணிக்கு
முகமூடியின் பட்டையை இன்னொரு துளை இறுக்கினேன்.

நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?
மீட்டரில் கேட்கிறது படிவம்.
பிப்ரவரியில் அவர் சொன்ன பதில்:
புறாக்கூண்டுக்கு இருபத்தாறு படி,
பத்தொன்பதில் ஒருமுறை நிற்பேன்.
பந்தயப் புறாக்கள்.
ப்ர்னோவில் விட்டால் மூன்று மணி நேரத்தில் வீடு.
"விடுவதுதான் கஷ்டம், லுட்மிவா.
திரும்புவதை அவையே பார்த்துக்கொள்ளும்."

ஆகஸ்டில், ஏழாவது படி.
அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தாராம்.
தீவனப் பையை மடியில் வைத்தபடி
ஒரு பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறார்.

இன்றும் கேட்டேன்.
முகமூடியை விலக்கி,
"ஏறுவதில்லை."
புறாக்கள்?
"ஹூபெர்ட்டின் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்."
மூச்சு சேரும்வரை காத்திருந்தேன்.
"இரண்டு மட்டும் தினமும்
பழைய கூரைக்கே வருகின்றன.
கூண்டைத் திறக்க
ஆளில்லை."

தனியாக வசிக்கிறாரா: ஆம்.
பதினொன்றில் எட்டு.
எட்டு என்றால் என்னவென்று
சுவரில் ஒட்டிய அட்டவணை சொல்லும்,
நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
மீட்டருக்கான இடத்தில் சுழியம் போட்டேன்.
ஓரத்தில், சின்ன எழுத்தில்,
பகல் ஷிப்ட்காரி கேட்டால் கேட்கட்டும் என்று:
புறா இரண்டு.

காலை ஆறரை.
என் கட்டடத்தில் லிஃப்ட் பழுது, நான்காம் மாடி.
எண்ணக்கூடாது என்றுதான்
காய்கறிப் பையைக் கைமாற்றிக்கொண்டு ஏறினேன்.
பதினேழு.
பதினெட்டு.