உப்பு மட்டும்

காரைக்குடி, காலை நாலு மணி.
சைக்கிள் சட்டத்தில் இரண்டு பாட்டில்,
இரண்டிலும் வெறும் தண்ணீர்.

போன வருஷம் இதே இருநூறு கிலோமீட்டரில்
தேவகோட்டை ரஸ்தா தாண்டிக் கண் இருட்டி
கருவேல முள்ளில் விழுந்தவன் நான்.
தாகத்தை நம்பிய வினை.
தாகம்
கடைசி பஸ் போனபிறகு
மூச்சிரைக்க ஓடிவந்து நிற்கிற ஆள்.

அதனால் இம்முறை கைக்கடிகாரத்திடம் சொல்லிவைத்தேன்.
பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு கூவல்.
கூவினால் மூன்று மடக்கு,
வேண்டுமோ வேண்டாமோ.

"எத்தனையாவது பாட்டில்டா?"
பின்சக்கரத்தை ஒட்டி வந்த அடைக்கலராஜ் கேட்டான்.
"நாலு."
"உப்புப் பொட்டலம் போட்டியா?"
எதிர்காற்று.
கேட்காத மாதிரி மிதித்தேன்.

தொண்டியில் அட்டையில் முத்திரை குத்தினார்கள்.
அத்தனை பெரிய கடல்,
ஒரு வாய்க்கு உதவாது என்று
சிரித்துவிட்டுத் திரும்பினேன்.
அது என்ன நினைத்ததோ.

கண்டதேவி விலக்கில் ஒதுங்கினேன்.
கிணற்றுநீர் போலத் தெளிவாகப் போனது.
பெருமையாக இருந்தது,
அடைக்கலராஜிடம் சொல்லவும் செய்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

பதினோரு மணிக்கு மேல் சாலைக்கு நிழலே கிடையாது.
செம்மண், தார், செம்மண்.
பெயர் தெரியாத ஊர் ஒன்றில் ஊருணி வெடித்துக் கிடந்தது.
ஊர் உண்ணும் நீர் என்று வைத்த பெயர்.
சித்திரையில் வெயில் உண்டுவிட்டிருந்தது;
நடுவில் மூன்று குச்சி நட்டுப்
பையன்கள் பந்து வீசிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவன் கத்தினான்,
"அண்ணே, எங்க போறீங்க?"
"காரைக்குடி."
"அது அந்தப் பக்கம்ணே!"

கல்லல் வரும்போது
மோதிரம் விரலைக் கடித்தது.
கடிகாரப் பட்டை ஒரு துளை தளர்ந்தது.
வயிறு
விளிம்புவரை நிரப்பிய குடம்,
ஒவ்வொரு பள்ளத்திலும் தளும்பியது.
நாக்கில் துளி தாகமில்லை.
கடிகாரம் கூவியது.
குடித்தேன்.

நெற்றிக்குள் யாரோ உலக்கை போட்டார்கள்.
மைல்கல்லில் எண் இரண்டாகத் தெரிந்தது;
இரண்டில் எது குறைவோ அதை நம்பினேன்.
அடைக்கலராஜ் முன்னால் போய்விட்டிருந்தான்,
பொட்டலங்கள் அவன் பையில்.

குன்றக்குடி.
நூற்றெண்பத்தெட்டாவது கிலோமீட்டர்.
மலையடி பஸ் நிறுத்தத்தில் கறுப்புக் குடை,
குடைக்குக் கீழே மாங்காய்க் கீற்று,
கீற்றுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணம் நிறைய
மிளகாய்ப்பொடி கலக்காத உப்பு.
கடல் போனபோது கேலி செய்தவன்
அந்தக் கிண்ணத்தின் முன் நின்றேன்.

"எத்தன கீத்து?"
"மாங்கா வேண்டாங்க. உப்பு மட்டும்."

அவள் என் தலைக்கவசத்தைப் பார்த்தாள்,
தொடைவரை ஒட்டிய காற்சட்டையைப் பார்த்தாள்,
முழங்கையில் வெள்ளையாய்க் காய்ந்திருந்ததைப் பார்த்தாள்.
"மேலெல்லாம் பூத்திருக்கே, அத நக்க வேண்டியதுதானே?"
பக்கத்தில் பூக்கட்டுகிறவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளி
வாரப் பத்திரிகைத் தாளில் மடித்துத் தந்தாள்.
காசு வாங்கவில்லை.
உப்புக்கு விலை போட அவளுக்குத் தெரியவில்லையாம்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
பண்டம் நான்தான்,
குப்பைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் பாக்கி.

சினிமா மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.
நாக்கில் வைத்ததும் உடம்பு சிலிர்த்தது, அவ்வளவுதான்.
அரை மணி நேரத்துக்கு மேல்
குடையின் அரை நிழலில் உட்கார்ந்திருந்தேன்,
ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகை என்று.
நடுவில் கடிகாரம் கூவியது.
கழற்றிப் பைக்குள் போட்டேன்.
பைக்குள்ளிருந்தும் கூவியது.

பிறகு ஒரு கீற்று வாங்கினேன்,
மரியாதைக்கு.
புளிப்பு காதுவரை ஏறியபோதுதான்
எண்கள் ஒவ்வொன்றாக ஒற்றை ஆயின.

முடித்தேன்.
கடைசி ஆளுக்கு முந்தின ஆள்.
அடைக்கலராஜ் ஒன்றும் கேட்கவில்லை,
தாள் பொட்டலத்தை மட்டும் வாங்கி முகர்ந்து பார்த்தான்.

ராத்திரி கறுப்புச் சட்டையைக் கொடியில் போட்டேன்.
முதுகில் வெள்ளைக் கோடு
வளைந்து வளைந்து
தொண்டிக் கரை போலவே இருந்தது.
துவைக்க மனம் வரவில்லை.

மோதிரம் மறுநாள் காலையில்தான் கழன்றது.