மூன்றாம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றி ஐந்து நாளாயிற்று.
தெற்குவாடியில் படகுகள்
கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கின்றன.
டோக்கன் ஜன்னல் சாத்திக் கிடக்கிறது.

கடலில் காற்று என்றால்
அடுப்பில் மொச்சை என்று அர்த்தம்.

முதல் நாள் கருவாடு இருந்தது.
மறுநாள் பானையடியில் தலைகள் மட்டும்.
அதற்குப் பிறகு ரேஷன் பருப்பு, உருளைக்கிழங்கு,
அக்காள்மடம் கடையில் கடன் சொல்லி வாங்கிய
ஒரு கிலோ மொச்சை,
அவனாகவே பையில் போட்டுவிட்ட
வாடிய முட்டைக்கோஸ் ஒன்று.

மீனுக்குப் பழகிய குடல்கள் எங்களுடையவை.
மொச்சை உள்ளே போனதும்
கல்யாண வீட்டுக்கு ஒரு வாரம் முன்னாலேயே
சொந்தக்காரர்கள் வந்து இறங்கியதுபோல
வயிற்றில் ஒரே நெருக்கடி.

தொபியாஸ் கைலியைத் தளர்த்திக்கொண்டு
சுவரோடு சாய்ந்திருக்கிறார்.
வாடை எது, கொண்டல் எது என்று
கண்ணை மூடியபடி சொல்கிற மனுஷன்.
கச்சான் திரும்பப் போவதைக்
கன்னத்தில் வாங்கியே சொல்லிவிடுவார்.
விலாவுக்குக் கீழே
உருண்டு, நின்று, யோசித்து, மறுபடி உருளும்
இந்தக் காற்றுக்கு மட்டும்
அவரிடம் திசையும் இல்லை பெயரும் இல்லை.
வாய்வு என்கிறார் பொத்தாம்பொதுவாக,
அதிகாரிகள் இயற்கைச் சீற்றம் என்பதுபோல.

நெஞ்சுவலியோ என்று பயந்து
நேற்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.
நெஞ்சில் ஒன்றுமில்லை என்று பார்த்துச் சொன்ன பிறகு
நர்ஸ் பிரிஸ்கில்லா, பரமக்குடிப் பக்கத்துப் பெண்,
ஊசிக்குப் பதில் கேள்வி போட்டாள்.
மொச்சை எத்தனை மணி நேரம் ஊறியது?
ஊறின தண்ணீரைக் கொட்டினீர்களா?
பால் டீ எத்தனை? சோடா?

விரல் மடக்கி எண்ணினார்.
கடலுக்குப் போகாத நாளில்
டீ மட்டும் ஒன்பது.
ஏப்பம் வரட்டும் என்று குடித்த சோடா தனி.

அவசரமாகச் சாப்பிட்டால்
சோற்றோடு காற்றையும் விழுங்குவீர்கள் என்றாள்.
வலை கிடக்கும்போது
நிதானமாக மென்றவன் எவன்?
வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்:
முப்பது வருஷமாக் காத்தோட மல்லுக்கட்டியிருக்கேன்,
திங்கிறேன்னு ஒருத்தனும் சொன்னதில்லையே.

நான் ஒன்றை அவளிடம் சொல்லவில்லை.
குடம் பதினைந்து ரூபாய் கொடுத்து வாங்கும் தண்ணீர்.
ஊறியதைக் கொட்ட மனசு வராமல்
அதிலேயே குழம்பு வைத்தேன்.

இரவு கரண்ட் போய்விட்டது.
ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர்.
மண்டபத்திலிருந்து வந்து மாட்டிக்கொண்ட
கொழுந்தனும் அவன் புதுப் பெண்டாட்டி அருளாயியும்
அந்த மூலையில்.
ஓமத்தண்ணீர் டம்ளர்
இருட்டில் கைமாறிக் கைமாறிப் போகிறது.
யாரும் புரண்டுகூடப் படுக்கவில்லை.
பாவம் அந்தப் பெண்,
மூச்சையே பிடித்து வைத்திருக்கிறாள்.
மேலே தகரம் படபடத்தது.
பிறகு
தகரம் இல்லாத ஒரு சத்தம்.

நீளமானது. கடைசியில் கொஞ்சம் கேள்விபோல.

யாரும் பேசவில்லை.
தூங்கிவிட்டான் என்று நினைத்த சின்னவன் பாஸ்டின்
எழுந்து உட்கார்ந்து கேட்டான்:
"கூண்டை எறக்கிட்டாங்களா?"

முதலில் சிரித்தது அருளாயிதான்.
அவள் வந்து இரண்டு மாதத்தில்
அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டதில்லை.
அப்புறம் ஒவ்வொரு மூலையாக,
சிரிப்பு எது மற்றது எது என்று
பிரிக்க முடியாதபடி.

எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து
மிச்ச மொச்சைக்குத் தாராளமாகத் தண்ணீர் விட்டேன்.
கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.
விடியும்போது அது
மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது,
மேலே நுரை கட்டியிருந்தது.
வெளியே வரவேண்டிய ஊதல்
கொஞ்சமாவது வெளியே வந்திருக்கும்.

முருங்கை அடியில் ஊற்றினேன்.
மரம் என்ன செய்யும் என்று தெரியவில்லை.
நிமிர்ந்து பார்த்தால்
கூண்டு அங்கேயேதான் ஆடிக்கொண்டிருக்கிறது.