நான்காம் அகிலம், ஏகாம்பரகுப்பம் கிளை

மொத்தம் நாலரை பேர்.
அரை, நான்.
தேர்வுநிலை உறுப்பினர் என்று அதற்குப் பெயர்:
பேசலாம், ஸ்டென்சில் வெட்டலாம்,
கை தூக்கக் கூடாது.

கூட்டம் கோதண்டத்தின் தறிக்கொட்டகையில்,
கரண்ட் போகும் நேரம் மட்டும்.
கரண்ட் இருந்தால் பன்னிரண்டு தறியும் அடிக்கும்,
உலகப் புரட்சி என்று கத்தினாலும்
உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.
மின்வாரியம் தந்த இரண்டு மணி நேரத்தில்
இருபத்தேழாம் வருஷம்
சீனத்தில் நடந்த தவறைத்
திருத்திக்கொண்டிருப்போம்.

புத்தகங்கள் கொழும்பிலிருந்து வரும்.
அந்தத் தமிழ் எங்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.
'கதைத்தார்' என்று வந்தால்
வஜ்ரவேலு கதை எங்கே என்று தேடுவார்.
ஓரத்தில் அர்த்தம் எழுதிவைப்பேன்,
அதன் கீழே தெலுங்கெழுத்தில், கோதண்டத்துக்காக:
அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
முனிரத்தினத்துக்கு இரண்டுமே படிக்க வராது.
அவர்தான் அதிகம் கேள்வி கேட்டவர்.

தேசம்மாவுக்கு நேர்ந்து பிறந்ததால் தேசப்பன்.
பெயரிலே தேசத்தை வைத்துக்கொண்டு
ஒரே நாட்டில் சோஷலிசம் கட்ட முடியாது என்று
பாவுக்கட்டையில் குத்துவார்.
பெரிய கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள்:
"உங்க அகிலம் ஒரே ஆட்டோவுல அடங்கிடுமே."
அடங்காது.
நான் ஓரத்தில் தொங்க வேண்டியிருக்கும்.

எண்பத்துமூன்றில்
பள்ளிப்பட்டில் கூலி
மீட்டருக்கு ஐந்து பைசா குறைவு.
நாங்கள் கேட்டால் பாவு அங்கே போகும்,
அவர்கள் கேட்டால் இங்கே வரும்.
எல்லை முதலாளிக்கு ஒரு கதவு,
எங்களுக்குச் சுவர்.
தேசப்பன் சைக்கிளில் போனார்,
எல்லைக்கல்லில் ஒரு காலை ஊன்றி
பீடி பற்றவைத்துக்கொண்டு.
பத்தொன்பது நாள்
இரண்டு மாநிலத்திலும் ஒரு நாடா ஓடவில்லை.
அந்த அமைதியில்
மூக்குக்கொண்டை மலையில் மயில் அகவுவது
எனக்கு முதல்முறையாகக் கேட்டது.
அங்கே ஐந்து ஏறியது. இங்கே மூன்று.

அதைப் பற்றித் தீர்மானம் எதுவும் எழுதவில்லை.
தீர்மானம் எழுதியது எண்பத்தொன்பதில்:
சோவியத் அரசு யாருடையது?

"சீரழிந்ததுதான், ஆனால் தொழிலாளர் அரசு.
கூரை ஒழுகுதுன்னு வீட்டை எதிரிக்கா கொடுப்பே?"
தேசப்பன்.
"சாவி எவன் இடுப்புல? அவனுதுதான் வீடு.
அரசு முதலாளித்துவம், வேற பேர் கிடையாது."
வஜ்ரவேலு.
கோதண்டம் சொன்னார்: மேஸ்திரி
தறியை விற்க முடியாது, மகனுக்கு எழுதிவைக்க முடியாது,
அப்புறம் எப்படி முதலாளி?
முனிரத்தினம் கேட்டார்:
சம்பளத்தைப் பிடிக்கிறது யார்?

இரண்டுக்கு இரண்டு.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பிறகு விதி பதினொன்றைப் பார்த்தார்கள்.
அதை ஸ்டென்சிலில் வெட்டியது நான்தான்,
வரி கோணாமல்.
கரண்ட் வந்தது.
யாருடைய உதட்டையும் யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பத்திரிகை.
இரண்டுக்கும் என் கையெழுத்து, ஒரே உருளை, ஒரே மை.
ஒருவரையொருவர் துரோகி என்று எழுதியதை
அடுத்தடுத்த மாலைகளில் வெட்டினேன்.
'துரோகி'யில் 'ரோ' எப்போதும் கிழியும்.

இரண்டு வருஷத்தில் அந்த அரசே இல்லை.
"பார்த்தியா" என்றார் தேசப்பன்.
"பார்த்தியா" என்றார் வஜ்ரவேலு,
அதே ரயில்வே கேட்டில், அரை மணி கழித்து.

எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பேன் என்று
யாரும் கேட்டதில்லை.
கேட்டாலும் சொல்வதாக இல்லை.

போன வாரம் பள்ளிப்பட்டிலிருந்து போன்.
சின்னப் பெண் குரல், பெயர் சொல்லவில்லை.
என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ.
"அக்கா, அங்க மீட்டருக்கு எவ்வளவு?"
அவள் பின்னால் தறி, என் பின்னால் தறி.
கத்திச் சொன்னேன்.
இன்னொரு தரம் சொல்லுங்க என்றாள்.