இடப்பக்கம்

படிவத்தில் பதினோரு கேள்விகள்.
மலையாளத்தில் ஒரு தாள், தமிழில் ஒரு தாள்.
தமிழ்த் தாளில் 'குதிறை' என்று அச்சாகியிருந்தது.

இருபத்தைந்து கிலோ தீவன மூட்டையை
ஐம்பது அடி சுமக்க இயலுமா?

சிரித்துவிட்டேன்.
வேலந்தாவளம் செக்போஸ்டில் பதினாறு வருடம்
லாரிக்கும் தரைக்கும் நடுவே நின்ற தோள் இது.
சிமெண்ட், வெங்காயம், மாட்டுத் தீவனம்,
ஒருமுறை பளிங்கில் ஒரு புத்தர்.
பிறகு வரி மாறியது.
தடுப்புக் கம்பம் மேலே போனது, இறங்கவேயில்லை.
லாரிகள் நிற்காமல் போயின.
தோள் மட்டும் கொஞ்சநாள் அங்கேயே நின்றது.

ஆம் என்று எழுதினேன்.

மணலில் குதிரையோடு நூறு அடி ஓட இயலுமா?
ஆம்.
(பீடியை விட்டு எட்டு மாதம். அதை யாரும் கேட்கவில்லை.)
வைக்கோல் தூசிக்கு மூச்சு இரைக்குமா?
இல்லை.
ஒரு குளம்பைத் தொடையில் ஏந்தி
குனிந்தபடி மூன்று நிமிடம் நிற்க இயலுமா?
முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஆம்.

ஒன்பதாவது:
இரு செவியும் நன்றாகக் கேட்குமா?

மை தீர்ந்ததுபோல் பேனாவை உதறிவிட்டுப்
பத்துக்குப் போனேன்.

ஒரு மழைநாளில்
சரக்கு லாரியின் பின்சக்கரம் வெடித்தது.
அன்றிலிருந்து என் இடப்பக்கம்
கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் கிணறு.
விழுந்த சத்தம் இன்னும் வரவில்லை.

ஜிஷாவுக்கு இருபத்தாறு வயது.
கழுத்தில் நிறுத்தக் கடிகாரம்,
பேச்சில் கொழிஞ்சாம்பாறைச் சந்தைத் தமிழ்.
"மூட்டை மதி சேட்டா. தூக்குறது கண்டாச்சு.
இனி மாளு."

மாளு பந்தயத்தில் தோற்று வந்த செம்பழுப்புப் பெட்டை.
முன்னங்காலைப் பிடித்து, மூட்டைக் காதைப் பிடிப்பதுபோல்
ஒரே இழுப்பு.
நானூற்றைம்பது கிலோவையும் அந்தக் காலிலேயே
ஊன்றிக்கொண்டு
வேறெங்கோ பார்த்தாள்.
இன்னொரு இழுப்பு.
பளிங்குப் புத்தர்கூட இவ்வளவு அசையாமல் இருந்ததில்லை.

"சேட்டா, கொண்டுபோகண்டா. கேளு."

தோளிலிருந்து கீழே கையை ஓட்டி,
மேல்காலில் என் தோளைச் சாய்த்து,
குனிந்து நின்றேன்.
எதையும் தூக்காமல் குனிந்து நிற்க
இடுப்புக்குக் கீழே ஒரு தசை இருக்கிறது.
பதினாறு வருடமும் கூலி வாங்காத தசை.
அது நடுங்கியது. கடிகாரம் ஓடியது.
வியர்வை மூக்கு நுனியில் நின்று யோசித்தது.
பிறகு காலை அவளே தந்தாள்,
சில்லறை திருப்பித் தருவதுபோல், அலட்சியமாக.

குளம்பின் குழியில் ஈர மண்ணும் ஒரு ஈர்க்குச்சியும்.

கடைசியாக ஓட்டம்.
குதிரையின் இடப்பக்கம் நிற்பதுதான் முறையாம்.
அப்படி நின்றால் அவள் என் வலப்பக்கம்.
மூச்சு, மணலைக் கிழிக்கும் குளம்பு, கடிவாள வளையம்
எல்லாம் நல்ல காதுக்கு வந்தன.
யாரோ எனக்காக வகுத்த முறைபோல் இருந்தது.

கணவாய்க் காற்று தென்னைகளைச்
சீப்பில்லாமல் வாரிக்கொண்டிருந்தது.
அறுபது அடி, எழுபது.
என்னைத் தாண்டிப் பின்னால்
மாளுவின் ஒரு காது திரும்பியது.
அது எதையோ கேட்டது.
நான் நின்றேன். அவளும் நின்றாள்.

திரும்பினால், வேலியோரம் ஜிஷா,
உயர்த்திய கையோடு,
கத்தி முடித்த வாயோடு.
எத்தனை முறை கத்தினாள், தெரியாது.
எனக்கு முன்னால் போட்டிருந்த குழாய்
மண் நிறத்திலேயே கிடந்தது,
தடுக்கியிருந்தால் இரண்டு பேருக்கும் கால் போயிருக்கும்.

படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.
நேரே வந்தவள், பாதியில் வளைந்து,
குதிரையைச் சுற்றி
என் வலப்பக்கம் வந்து நின்றாள்.
ஒன்பதின் மேல் விரல் வைத்தாள்.
"இது?"

காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது.
மாளுவின் முதுகில் தாளை அழுத்தி எழுதினேன்:
ஒன்று.

அவள் தோல் சிலிர்த்ததில்
எழுத்து கோணிக்கொண்டது.
ஜிஷா அதை வெகுநேரம் பார்த்தாள்.
"காலை ஆறு மணி.
டெட்டனஸ் ஊசிச் சீட்டு மறக்கண்டா."

குழாயைச் சுருட்டச் சொல்லிவிட்டுப் போனாள்.
அதுவும் தேர்வில் உண்டா என்று நான் கேட்கவில்லை.