அரைக்கட்டை கீழே

விமானத்தில் அதற்குத் தனி இருக்கை.
டிக்கெட்டில் பெயர்: செல்லோ, எப்சிபா.
பணிப்பெண் இரண்டு தட்டு வைத்தாள்.
அதன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

சென்னையில் சுங்கத்துக்காரர்
பெட்டியைத் திறக்கச் சொல்லி
தந்தியைச் சுண்டினார்.
நைலானா?
இல்லை சார், ஆட்டுக்குடல்.
போட்டியா! என்றார்.
போட்டிதான்.
அவருக்குச் சொந்த ஊர் ஆற்காடு.
மிளகு தூக்கலா இருக்கணும் என்று
பெட்டியை அவரே மூடிக் கொடுத்தார்.

பத்தொன்பது வருடம்.
இன்னொரு வகைப் போட்டியில் மூன்றாம் பரிசு
(சிலேடையைச் சொல்லிச் சிரிக்க அங்கே ஆளில்லை).
மூன்று குழுக்கள்.
ஒன்று மானியம் நின்று கலைந்தது,
ஒன்று, இரண்டு வயலின்களின் விவாகரத்தில்.
மிச்சமிருந்த ஒன்றோடு
ஹீட்டர் இல்லாத தேவாலயங்களில்
பாதி விரல் வெட்டிய கையுறை போட்டு வாசித்தேன்.

பாடுகிறவள்
காதலன் கப்பலேறிவிட்ட துக்கத்தில்
ஒன்பது நிமிடம் சாவாள்.
எனக்கு நாலு சுரம்.
மேலிருந்து கீழே,
திரும்ப மேலிருந்து கீழே,
நாற்பத்திரண்டு தரம்.
அவள் எங்கே வேண்டுமானாலும் விழலாம்,
தரை நான்.
மறுநாள் பேப்பரில்
அவள் தொண்டை, அவள் கவுன்,
தூணோரம் எரிந்த மெழுகுவத்திகூட.
தரையைப் பற்றி எவன் எழுதுவான்.

என் செல்லோவுக்கு ஊன்றுமுள் கிடையாது.
முந்நூறு வருடம் முன்னால் முள் இல்லை,
அதனால் எனக்கும் இல்லை.
கெண்டைக்கால் இரண்டாலும் இடுக்கிப் பிடிக்கணும்.
வேலூரில் இதைச் சொன்னால் யாரும் அதிசயப்படுவதில்லை.
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
இல்லாததை எண்ணியே பேர் வாங்கிய ஊர்.
முள் இல்லாத செல்லோ,
எழுதிக்கொள், இன்னொன்று.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
அதற்காகத்தான் வந்தேன்,
இசைக்காக இல்லை.
கட்டிலுக்குக் கட்டில் மெஷின், ஒரே முனகல்.
என்ன சுதி என்று கேட்காமலிருக்க
காதுக்குத் தெரியவில்லை.
ஜி.
என் ஜி-க்கு மேலே இருக்கிறது.

மே மாதம், சத்துவாச்சாரி, மின்சாரம் போன மத்தியானம்,
அலமாரிப் பக்கமிருந்து
வேட்டு போட்ட மாதிரி ஒரு சத்தம்.
மேல் தந்தி.
புதிதாக வர ஐந்து வாரம்.
விலை? அப்பாவிடம் அவர் கணக்கில் சொன்னேன்:
ரெண்டு டயாலிசிஸ்.
ஒன்றை விட்டுடவா என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை,
ஃபேன் ஓடாததால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு வாசிக்கச் சொல்லி சபையில் கேட்டார்கள்.
ஒத்திகையில் முதல் வரியிலேயே
பல் கூசிற்று எல்லோருக்கும்.
கீபோர்டு நானூற்று நாற்பது,
என் தந்திகள் நானூற்றுப் பதினைந்து.
அரைக்கட்டை கீழே.
கொஞ்சம் ஏத்திக்கோயேன்மா.
ஏத்தினா அறுந்துடும் சார்.
அவ்வளவு தூரம் போய்ப் படிச்சும்
சுதி சேரலையா என்றார் வின்ஃபிரட் சார்,
குரலில் நிஜமான வருத்தத்தோடு.

நான் ஜிப்பைத் தேடினேன்.

கீபோர்டு வாசிக்கிற ஜெரோம்,
பகலில் காட்பாடிப் பக்கம் ஏ.டி.எம். பழுது பார்க்கிறவன்,
யாரையும் கேட்காமல்
ஒரு பொத்தானை அழுத்தினான்.
சின்னத் திரையில் மைனஸ் ஒன்று.
இப்ப வாசிங்கக்கா.

முப்பது பேரும்
இறங்குகிறோம் என்று தெரியாமலே இறங்கினார்கள்.
எனக்கு இடது கெண்டையில் பிடித்துக்கொண்டது,
விட்டால் நழுவும்,
விடாமல் கீழே கீழே போனேன்.

மூன்றாம் சரணத்தில் வருடா வருடம் கீச்சிடுகிற
லில்லிபுஷ்பம் ஆன்ட்டிக்கு
அன்றைக்கு உச்சி எட்டிவிட்டது.
கர்த்தர் தொண்டையைத் திறந்தார் என்று
இரண்டு ஞாயிறாகச்
சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
ஜெரோம் என்னைப் பார்ப்பதில்லை,
நானும் அவனை.