ம்

காட்பாடி மேம்பாலம் ஏறுவதற்கு முன்னால்
டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல்மாடி.
மதியம் இரண்டு மணிக்கு
லேப்டாப்பும் நானும் ஒரே சூட்டில் இருப்போம்.
ஏழு நாளாக ஒரே ஒரு பொத்தான்.

செவ்வகம். முனைகளில் எட்டுப் புள்ளி வளைவு.
உயரம் நாற்பத்தெட்டு.
குறைந்தால் விரல் பக்கத்து வீட்டில் விழும்.
பச்சை போடு என்றார் எபினேசர் சார்.
அவருக்குக் கல்யாணப் பத்திரிகைகூடப் பச்சை.
அழுத்த முடியாத நிலைக்கு ஒரு மங்கல் வேண்டியிருந்தது.
பஸ்ஸில் பாலாற்றைத் தாண்டும்போது
மணலைப் பார்த்து முடிவு செய்தேன்.

முதலில் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதினேன்.
பாதிச் சொல் பொத்தானுக்கு வெளியே
கால் நீட்டிக்கொண்டிருந்தது.
தேங்காய் பழம் சமர்ப்பிக்கலாம்,
டயாலிசிஸுக்கு நேரம் கேட்பதையுமா?
அதுவும் யார் யாரிடம் பேசுவது இங்கே?
போன் மனிதரிடம் என்றால் 'ங்க' போட வேண்டும்.
மனிதர் போனிடம் என்றால்
'பதிவு செய்' போதும்.
போனுக்கு மரியாதை கொடுத்து
யாரையும் நான் பார்த்ததில்லை.

சோதித்துப் பார்க்க ராணிப்பேட்டையிலிருந்து தேசிங்கு வந்தார்.
தோல் ஆலை, சுண்ணாம்புத் தொட்டி, பத்தொன்பது வருஷம்.
ரேஷன் கடை மெஷின் அவரை
அவர்தான் என்று ஒப்புக்கொள்வதில்லை;
விரல்நுனி அவ்வளவு வழவழப்பு.
வாரம் மூன்று நாள் தம்பியைக் கூட்டிவருகிறவர்.

அழுத்தினார்.
திரை அப்படியே இருந்தது.
விரலை ஊதி, சட்டையில் துடைத்து, மறுபடி.
என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி.
எங்கள் பக்கம் மூன்றும் வந்து சேர்ந்திருந்தன:
செவ்வாய் காலை ஆறு மணிக்கு
ஒரே தம்பிக்கு மூன்று படுக்கை.

"கேட்டுக்கினு கீதா இல்லியான்னு
அது சொல்ல வாணாமாம்மா?
கதை சொன்னா கொழந்தகூட ம் கொட்டுது."

அன்றிரவு கடைசி ரயில் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன்.
தொட்டதும் ஒரு சாயல் இருண்டு
இரண்டு புள்ளி கீழே அமுங்கி
உள்ளங்கையில் சின்னதாக ஒரு அதிர்வு.
இரண்டாம் தொடலுக்குக் கதவு சாத்தல்.
கோப்பில் அந்த நிலைக்கு 'ம்' என்று பெயர் வைத்தேன்.
எழுத்து விட்டுப்போச்சா என்று கேட்டார் எபினேசர் சார்.

ஆவணி போனது, புரட்டாசி போனது.
யாருக்கும் மூன்று படுக்கை விழவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழன், பதிவேட்டைப் புரட்டினேன்.
முந்தின இரவு பதினொன்று நாற்பது.
அந்த எண் எனக்கு மனப்பாடம்.
வரவிருந்த ஒன்பது பதிவுகளும்
ஒவ்வொன்றாக ரத்து.
ஒவ்வொரு தடவையும்
நான் வரைந்த பெட்டி கேட்டிருக்கிறது:
உறுதியாகவா?
காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.
நேரம் ஒத்துவரவில்லை.
வேறு மையத்துக்கு மாறுகிறேன்.
மற்றவை.

மற்றவை.
ஒன்பது தடவை மற்றவை.
பதினோரு நிமிஷம் ஆகியிருக்கிறது அவருக்கு.
எந்தப் பதிவிலும் இரண்டாம் அழுத்தல் இல்லை.
ஒவ்வொன்றுக்கும் அந்தப் பொத்தான்
அவர் கையில் ம் என்றிருக்கும்.

காரணப் பெட்டியை எடுத்துவிட்டேன்.
'எல்லாவற்றையும் ரத்து செய்' என்று ஒன்று வைத்தேன்,
பச்சையாக இல்லாமல்.
மாத அறிக்கைக்குக் காரணம் வேண்டுமே என்றார் எபினேசர் சார்.
பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்,
சரி, வெள்ளிக்கிழமை விட்டுடு என்றார்.

புதிய பதிப்பில் என்ன மாறியிருக்கிறது
என்று கேட்கும் கட்டத்தில்
வழக்கம்போல் எழுதினேன்:
சிறு திருத்தங்கள்.