வாய்தாக் காசு

வாய்தா கேட்டால் ஐம்பது ரூபாய்.
அப்படித்தான் தொடங்கியது எங்கள் அறக்கட்டளை.
ராமநாதபுரம் பார் அறையில்
பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் துளை போட்டு
இபுராம்சா வக்கீல் வைத்தார்.
முதல் மாதமே டின் நிறைந்துவிட்டது.
நாங்கள் எவ்வளவு தள்ளிப்போடுகிறோம் என்று
அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

நான் பொருளாளர்.
தருகிறேன் என்றவர் பெயர் ஒரு பக்கம்,
தந்தவர் பெயர் எதிர்ப் பக்கம்.
இரண்டும் ஒத்துப்போன மாதம்
இதுவரை இல்லை.

அந்தக் காசில்தான்
பாம்பன் சின்னப்பாலத்தில்
ஓடாத ஐஸ் பிளாண்டின் முன்னறை வாடகை.
சனிக்கிழமை காலை இலவசச் சட்ட உதவி,
மாலை எழுத்து வகுப்பு.
காலையில் கூட்டம் வரும்.
மாலையில் ஒன்பது பெண்கள்,
கடலிலிருந்து நேராக,
ஆண்சட்டையின் கைமடிப்பில் உப்புக் காய,
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டு
எழுத உட்காருவார்கள்.
சுவரில் பழைய பெயிண்ட்:
கட்டி நாற்பது ரூபாய். கடன் இல்லை.
அதைத்தான் முதலில் வாசித்தார்கள்.

நம்பம்மாளின் வழக்கு சின்ன வழக்கு.
தீவுப் பக்கம் பாசி எடுத்ததாக வனத்துறை போட்டது.
இரண்டு சாக்கு மரிக்கொழுந்துப் பாசி,
ஒரு முங்குக் கண்ணாடி,
காலில் கட்டும் தகரம் ஒரு ஜோடி பறிமுதல்.
வக்காலத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னேன்.
பெருவிரலை மையில் உருட்டி அழுத்தினார்.
மூன்று முறை.
மூன்று முறையும் நீலக் கறைதான்,
ரேகை ஒன்றுகூட இல்லை.
"பாறை தின்னுருச்சு" என்றார்,
நேற்று மழை பெய்தது என்பதுபோல.

ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம்,
நாங்களே கட்டுகிறோம் என்றேன்.
டின்னில் இருந்தது.
எனக்கு அது கருணையாகப் பட்டது.

மகஜர் நகலை வீட்டுக்கு எடுத்துப்போனார்.
இருபத்தேழு வகுப்பு முடிந்த சனிக்கிழமை
தாளை என் மேசையில் விரித்து
ஓர் எண்ணின் மேல் விரல் வைத்தார்.
"இந்தத் தேதி தப்பு."
எதை வைத்துச் சொல்றீங்க?
"அன்னைக்கு அட்டமி. நீர் இறங்காது.
நீர் இறங்காத நாள்ல நாங்க இறங்க மாட்டோம்.
ஊர்க் கட்டுப்பாடு.
அவுக அள்ளிட்டுப் போனது தீவுலயா?
எங்க கரையில, காயப்போட்ட எடத்துல."

அந்த மகஜரை நான் நான்கு முறை படித்திருந்தேன்.
பிரிவு எண், முத்திரை, சாட்சிக் கையெழுத்து.
அன்றைக்கு நிலா எவ்வளவு இருந்தது என்று
பார்க்கத் தோன்றவில்லை.

ராமேசுவரம் கோர்ட்டில்
பஞ்சாங்கத்தைச் சான்றாவணமாக்க ஒரு மணி நேர வாதம்.
குறுக்கு விசாரணையில் வனக்காப்பாளர்
தேதி பிறகு எழுதியது என்று ஒப்புக்கொண்டு
குடிக்கத் தண்ணீர் கேட்டார்.
நடுவில் அரசு வக்கீல் இரண்டு வாய்தா.
அவரும் எங்கள் உறுப்பினர். நூறு ரூபாய்.
விடுதலை.
திரும்பி வந்த சாக்கில் பாசி தூளாகியிருந்தது.
வியாபாரி தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

போன சனிக்கிழமை
அதே வியாபாரியின் தராசு பற்றி ஒரு புகாரோடு
ஒன்பது பேரும் வந்தார்கள்.
வக்காலத்தை நீட்டிப் பேனாவைத் திறந்து கொடுத்தேன்.
நம்பம்மாள் வாங்கி, மூடி, ஓரமாக வைத்தார்.
"படிக்கணும்."
முதல் வரியிலிருந்து.
கடலடியில் பாறை தடவுகிற விரல்
எழுத்தெழுத்தாக நகர்ந்தது.
ஆறரை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.
பாலத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின.
மற்ற எட்டுப் பேரும் அவசரப்படவில்லை.

பதினோராவது வரியில் நின்றார்.
"மேற்படின்னா என்ன?"

பதினெட்டு வருஷமாக எழுதுகிற சொல்.
"மேலே சொன்னது" என்றேன்.

மேலே பார்த்தார்.
"மேல எம் பேருதான இருக்கு.
அதையே எழுத வேண்டியதுதான?"

ஏழு இடத்தில் அடித்து எழுதினேன்.
அடுத்த பஸ் எட்டேகாலுக்கு.